பள்ளி மானியம் வருகிறது, சார்ட் வாங்குவது யார் காசில்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நான்தான். பிள்ளைகள் முப்பதைத் தாண்டாததால் சமக்ர சிக்ஷா (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டம்) பள்ளி மானியம் வருடத்துக்கு 10,000 ரூபாய். ஒரு பிள்ளை கூடி 31 ஆகிவிட்டால் 25,000. இதில் பத்து சதவீதமாவது தூய்மைக்குப் போக வேண்டும், மீதியில்தான் தண்ணீர், விளையாட்டுப் பொருள், உடைந்ததைச் சரிசெய்வது, கட்டடப் பராமரிப்பு, அப்புறம் கற்பித்தல் உபகரணம். குழாய் உடைந்தால் முதலில் குழாயைத்தானே பார்ப்பார்கள், எச்.எம்.மைக் குறை சொல்ல மாட்டேன்.

2022-ல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் ஒவ்வொரு கற்றல் நிலைக்கும் தனித்தனிப் பொருள் தேவைப்படுகிறது. பயிற்சி நூலும் கையேடும் தருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் எழுத்து அட்டை பிள்ளைகள் கையில் புழங்கினால் ஒரு பருவம் தாங்குவதே பெரிசு. லேமினேஷன், ஸ்கெட்ச், கெட்டி அட்டை, மணி கோக்க நூல் எல்லாம் நான் வாங்குவதுதான். ஃபேன்ஸி ஸ்டோரில் எண்பது ரூபாய்க்கு மணி வாங்கினால் முறையான பில் எங்கே கிடைக்கும்? பில் இல்லாமல் மானியத்தில் எழுத முடியாது. பெரிய தொகை கேட்கவில்லை, ஆசிரியர் கையில் நேரடியாக ஒரு சிறு தொகை வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அது இருந்ததும்மா. எஸ்.எஸ்.ஏ. (அனைவருக்கும் கல்வி இயக்கம்) காலத்தில் ஆசிரியர் மானியம் என்று தலைக்கு 500 ரூபாய், துணைக்கருவி செய்வதற்கென்றே. அந்தக் காசில் செய்ததை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்துக்கு எடுத்து வந்து காட்டுவார்கள், ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்வார். 2018-ல் எஸ்.எஸ்.ஏ.வைச் சமக்ர சிக்ஷாவில் சேர்த்து ஒரே பள்ளி மானியம் ஆக்கினார்கள், கணக்கு எழுதச் சுலபம்தான், ஆனால் ஆசிரியர் கைக்கு வரும் 500 இல்லாமல் போனது பெரிய இழப்பு. இன்றைய விலைக்கு அதை உயர்த்தித் திரும்பக் கொடுக்க வேண்டும்.

நடுநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியை:
நூறு பிள்ளைகளுக்கு மேல் இருப்பதால் எங்களுக்கு 50,000, அதனால் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒரு மாணவியின் அம்மா, "பெயின்ட்டுக்கு இவ்வளவு எழுதியிருக்கீங்க, பாடம் நடத்த எவ்வளவு?" என்று கூட்டத்திலேயே நேராகக் கேட்டுவிட்டார். அந்த வருடத்திலிருந்து மானியம் வந்ததும் முதல் கூட்டத்தில் வகுப்புவாரியாகத் தொகை பிரித்துத் தீர்மானம் எழுதிவிடுகிறோம். சின்னப் பொருள்களைத் தனித்தனியாக வாங்காமல் எல்லா ஆசிரியரும் பட்டியல் கொடுத்து, பில் தரும் ஒரே கடையில் மொத்தமாக வாங்குகிறோம். லிட்மஸ் தாளும் பீக்கரும் இப்போது என் பணத்தில் இல்லை.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை:
டீச்சர், அந்தத் தீர்மான வாசகத்தை அப்படியே இங்கே போட முடியுமா? பத்தாயிரத்தில் ஆயிரமாவது வகுப்புக்கு என்று எழுத வைத்துவிட்டால் போதும். எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் நானே பேசுகிறேன்.