தீர்வை விதிப்பவர்கள் சுதந்திரச் சந்தை ஆதரவாளர்களா?

ஹட்டன் வாசகர்: சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்று, றேகன் ஜனாதிபதியாக இருந்த 1980கள் முதல் பேசிவந்த அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி ட்ரம்பே, 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை, அதாவது இறக்குமதி வரியை, அறிவித்தார், பேச்சுவார்த்தைகளின் பின் ஓகஸ்டில் அது 20 வீதமானது. தோட்ட லயன்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளின் வேலை இதில் தங்கியிருக்கிறது. சுதந்திரச் சந்தையை ஆதரிப்போர் இதை எப்படி நியாயப்படுத்துகிறார்கள்?

பண்டாரவளை ஆசிரியர்: அவர்களில் பெரும்பாலானோர் நியாயப்படுத்தவில்லை, ஐயா. சுதந்திரச் சந்தையை ஆதரித்த அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மனின் வழிவந்தவர்களுக்குத் தீர்வை என்பது சொந்த மக்கள் மீதான வரி. கொழும்புத் துறைமுகத்தில் ஏற்றப்படும் சட்டைக்கான தீர்வையை அமெரிக்கச் சுங்கத்திடம் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளரே. அவர் அதைத் தம் வாடிக்கையாளர் தலையில் கட்டுவார், முடியாவிட்டால் நம் தொழிற்சாலையிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். 1930இல் அமெரிக்க இறக்குமதித் தீர்வைகளை உயர்த்திய ஸ்மூட்–ஹோலி சட்டமூலத்தை நிராகரிக்குமாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கேட்டும், ஜனாதிபதி ஹூவர் கையொப்பமிட்டார். 44 என்ற எண் வந்த வழி இன்னும் விசித்திரமானது: அமெரிக்காவுக்கு நம்முடன் உள்ள பண்ட வர்த்தகப் பற்றாக்குறையை, நம்மிடமிருந்து அது செய்யும் இறக்குமதியால் வகுத்து, பாதியாக்கினார்கள். நாம் உண்மையில் அறவிடும் தீர்வை அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

நுவரெலியா வாசகர்: 2025 நவம்பரில் தேயிலை, கோப்பி, வாழைப்பழம் ஆகியவற்றுக்கு அந்தத் தீர்வையிலிருந்து விலக்களித்தார்கள். தம் நாட்டில் பெரிதாக விளையாத கொழுந்துக்குத் தீர்வை விதித்து எந்த உள்ளூர் விவசாயியைக் காக்க முடியும்? ஆனால், வாகன இறக்குமதிக்கு நம் அரசு அறவிடும் வரிகளை இதே தராசில் நிறுக்க இங்கே எத்தனை பேர் தயார்?