ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே படபடப்பு

கேள்வி:
பெரம்பூரில் இருக்கிறேன். 2020 ஜூன் 19-இல் சென்னையில் கொரோனாவுக்காக மறுபடி முழு ஊரடங்கு வந்த வாரம், தொற்று வந்த எதிர்வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள். அந்த ஆணி அறையும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போதும் ஆம்புலன்ஸ் போனால் கை நடுங்குகிறது. ராத்திரி அம்மா விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் 97 என்று பார்த்த பிறகுதான் படுக்கிறேன். அப்புறம் இரண்டு மணிக்கு எழுந்து மறுபடி. உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

பதில்:
எனக்கும் இருந்தது. ராத்திரிச் செய்தியை நிறுத்தினேன், விடியற்காலை மொட்டைமாடியில் நடந்தேன். பாதி குறைந்தது.

பதில்:
தம்பி, பார்க்கப் பார்க்கப் பயம்தான் வளரும். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கே போனேன். மாத்திரையோடு தூக்கமும் வந்தது.

கேட்டவர்:
சரி அக்கா, காலையில் கூப்பிடுகிறேன். ஆக்சிமீட்டரை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.