பினாங்கு – சுபாங், கேஎல்ஐஏ: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை நிமிடம்?

பாயான்பாரு:
பினாங்கு – கேஎல்ஐஏ (கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம்) 325 கிலோமீட்டர், 25 நிமிடம் என்று ஓர் இணையக் கணிப்பான் காட்டுகிறது. டிக்கெட்டில் ஒரு மணி நேரம். எதை நம்புவது? காலை 10.30க்கு பெட்டாலிங் ஜெயாவில் கூட்டம். சுபாங் விமான நிலையம் தேவலையா, கேஎல்ஐஏவா? கையில் ஒரு தள்ளுபெட்டி மட்டும். மாலையே திரும்பணும்.

வால்காற்று:
325 கி.மீ. நேர்கோட்டுத் தூரம், சுமார் 175 கடல்மைல். சுபாங் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், 280தான். கணிப்பான் இதை ஜெட்டின் முழு வேகத்தால் வகுத்து 25 நிமிடம் என்கிறது. ஆனால் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் பொதுவான உச்ச வரம்பு. இந்தத் தடத்தில் ஏறி முடிப்பதற்குள் இறக்கம் தொடங்கிவிடும். ஆகவே காற்றில் இருப்பதே 40–45 நிமிடம். டிக்கெட் நேரமோ சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

பலர் கவனிக்காத ஒன்று: பினாங்கிலிருந்து இரண்டு நிலையங்களுமே ஏறக்குறைய 150 பாகைத் திசையில் இருக்கின்றன. சுபாங் ஓடுபாதை 15/33, அதாவது சுமார் 150, 330 பாகைத் திசைகள். கேஎல்ஐஏவின் மூன்று ஓடுபாதைகளும் கிட்டத்தட்ட அதே வாக்கில்தான். தெற்குக் காற்றில் 15 பக்கமாக இறங்கினால் வந்த வழியே நேராக இறங்கிவிடலாம். 33 பக்கம் என்றால் நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரணும், சில நிமிடம் கூடும். ஒரே விமானம் ஒருநாள் சீக்கிரமும் மறுநாள் தாமதமும் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளானாஜெயா:
பிஜே (பெட்டாலிங் ஜெயா) என்றால் யோசிக்கவே வேண்டாம், சுபாங்தான். அங்கே போகும் ஏடிஆர் 72 உந்துவிசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும், ஆனாலும் தூரம் குறைவு என்பதால் ஜெட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. மிச்சம் தரையில்தான்: சுபாங்கிலிருந்து கிராப் வாடகைக் காரில் 20–30 நிமிடம், கேஎல்ஐஏவிலிருந்து ஒரு மணி நேரம். சுபாங் ரயில் இணைப்பு 2023இல் நின்றுபோனது, சாலை வழிதான். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலையும் சேர்த்து, 8.30க்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள். கூட்டம் கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் செண்ட்ரல் பக்கம் என்றால் கணக்கே வேறு: கேஎல்ஐஏ விரைவு ரயில் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்துவிடும்.

ஏடிஆரில் தலைக்கு மேல் அடுக்கு சிறியது. தள்ளுபெட்டி நுழையாவிட்டால் சரக்கறைக்குப் போகும், மடிக்கணினியை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகள் கதவு வாலோரம், அதனால் பின்வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார்.

பாயான்பாரு:
நன்றி. திரும்ப மாலை 6 மணி விமானம் சரியா?

வால்காற்று:
கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை பெரும்பாலும் பிற்பகல் 3 முதல் 6க்குள், ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பரில் இன்னும் மோசம். மின்னல் எச்சரிக்கை வந்தால் தரைப் பணியாளர்கள் வெளியே வேலை செய்ய மாட்டார்கள், பெட்டி ஏற்றுவதும் எண்ணெய் நிரப்புவதும் அப்படியே நிற்கும். அதே விமானம் நாள் முழுக்கப் போய் வருவதால் ஒரு தாமதம் அடுத்ததையும் இழுக்கும். கடைசி விமானத்துக்கு முந்தையதைப் போடுங்கள். அது ரத்தானாலும் ஏறுவதற்கு இன்னொன்று இருக்கும்.