பந்து கையில் இல்லாதபோதும் ஆடுபவர்கள்

2023 மே 27 அன்று மயாமியில் நடந்த அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். நான்கு ஆட்டம் தோற்கும் அணி வெளியேற வேண்டியதுதான். முதல் மூன்றிலும் தோற்று, அடுத்த இரண்டை வென்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது பாஸ்டன் செல்டிக்ஸ். மயாமியின் ஜிம்மி பட்லர் தனக்குக் கிடைத்த மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் (யாரும் தடுக்காமல் எய்யும் வாய்ப்புகள்) போட்டுவிட, மயாமி 103–102 என்று முந்திவிட்டது. மிச்சம் மூன்று விநாடி.

எங்கள் கண்கள் செல்டிக்ஸின் நட்சத்திரங்களான டேட்டமையும் பிரவுனையும் தேடின. கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்தவர் அதே அணியின் டெரிக் வைட். அவர் தோழர் மார்கஸ் ஸ்மார்ட் எய்த பந்து வளையத்துக்குள் இறங்கப் பார்த்து வெளியே துள்ளியது. நான் தலையில் கை வைத்துவிட்டேன். வைட் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. துள்ளிய பந்தைத் தட்டி உள்ளே போட்டுவிட்டார். கடிகாரத்தில் மீதி 0.1 விநாடி. 104–103.

பிறகு மறு ஒளிபரப்பில் அவரை மட்டுமே கவனித்தேன். பந்து கையைவிட்டுப் போனதுமே கூடையை நோக்கி ஓடுகிறார். அது விழுமா விழாதா என்று அரங்கமே அண்ணாந்து பார்க்கிறது; அவர் விழாது என்று வைத்துக்கொண்டு ஓடுகிறார். ஏழாவது ஆட்டத்தில் செல்டிக்ஸ் தோற்றது உண்மைதான். அந்த ஓட்டத்தின் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை. இரண்டாம் நிலைக் கல்லூரி அணியில் தொடங்கி, என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2017 தேர்வில் 29-ஆவதாக எடுக்கப்பட்டவர் அவர். 2024-இல் கோப்பையும் வென்றார். இன்றுவரை நான் ஒரு ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால், சில நிமிடங்களாவது பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறேன்.

* * *

மேலே எழுதியவர் என் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டார். நான் டி.ஜே. மெக்கானலைச் சேர்க்கிறேன். 2015 தேர்வில் எந்த அணியும் எடுக்காத மனிதர். பத்தாண்டு கழித்து, 2025 இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் இந்தியானா அணிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கி 10 புள்ளி, 5 அசிஸ்ட் (தோழர் கூடை போட உதவிய பாஸ்), 5 பந்துப் பறிப்பு. எதிரணி எல்லைக்கோட்டிலிருந்து பந்தை அலட்சியமாக எறியும் நொடிக்காகவே காத்திருப்பார்.

அதே குணத்தை ஒரு கல்லூரிப் போட்டியில் கண்டேன். இரண்டாம் கால் பகுதியில் இறக்கப்பட்ட ஒல்லியான பெண். வாய் ஓயவே இல்லை. "இடப்பக்கம் ஸ்கிரீன், இடப்பக்கம் ஸ்கிரீன்" என்று, எதிரணிக்காரி வழிமறித்து நிற்பதை (அதுதான் ஸ்கிரீன்) கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள்; முதுகு காட்டி நின்ற தோழிகளுக்கெல்லாம் அவள்தான் கண். தன்னைவிட ஒரு தலை உயரமான எதிரணிக்காரியைக் கூடையை நெருங்கவிடாமல் இடுப்பால் தடுத்து நிறுத்தி வைத்தாள். கூடையில் விழாமல் துள்ளிய பந்தை, அதாவது ரீபவுண்டை, வேறொரு தோழி எடுத்தாள், பெயரும் அவளுக்கே போயிற்று. ஸ்கோர் தாளில் இவள் பெயருக்கு நேரே இரண்டே புள்ளி.

என்பிஏ 2016 முதல் எதிரணி எறியும்போது தட்டிவிட்ட பந்துகளையும், கூடையில் முடிந்த ஸ்கிரீன்களையும் எண்ணி வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் யார் எண்ணப்போகிறார்கள் என்ற ஆதங்கத்தோடு அவளுடைய பயிற்சியாளரிடம் போய், நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த நோட்டைத் திருப்பிக் காட்டினார். எல்லாம் அதில் கோடு கோடாகக் குறித்திருந்தது. அவள் பெயருக்கு எதிரேதான் கோடுகள் அதிகம்.