எங்கள் பள்ளியை மூடாமல் இருக்க மனு எழுத உதவுங்கள்

வணக்கம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று எங்கள் பகுதி அரசுப் பள்ளியை மூடி, வேறொன்றோடு இணைக்கப் போகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தார்கள். ஷிப்டை விட்டுவிட்டுப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் எங்களில் பலர் போகவில்லை. வசதியான ஒருவர் அங்கே எழுந்து, "அக்கறை இருக்கிற பெற்றோர் என்றால் வந்திருப்பார்களே" என்றாராம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு ஓடி, இடைவேளையில் ஃபோனில் வீட்டுப்பாடம் கேட்கிற அம்மாக்களுக்கா அக்கறை இல்லை?

புதுப் பள்ளி தூரம். இப்போது என் பெரியவள்தான் தம்பியைக் கைபிடித்துக் கூட்டி வருகிறாள். பெரிய சாலையைத் தாண்டி அவளை எப்படி அனுப்புவேன்? சிகாகோவில் 2013-இல் சுமார் 50 அரசுப் பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகள் பத்திரமாகப் போக வழிநெடுக ஆட்களை நிறுத்த வேண்டி வந்தது. எங்களுக்கு அப்படி ஒரு பேச்சே இல்லை.

கூட்டத்தை மாலைக்கு மாற்ற வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனுவில் எதை முதலில் எழுதினீர்கள்? வர முடியாதவர்களின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா? இரவு 9 மணிக்கு மேல்தான் என்னால் பார்க்க முடியும், ஆனால் கட்டாயம் பதில் எழுதுவேன்.