கல்லடி வீட்டாக்கள்: 14 ஜிபி வீடியோ

சின்ன மாமா: புள்ளையள், கல்யாண வீடியோ 14 ஜிபி, ஒரே ஃபைல். தர்சனுக்குக் குடுக்கப் பாத்தா பென் ட்ரைவில ஏறுதில்லயே?

தர்சன்: பென் ஃபாட் 32 எண்ட பழைய போர்மட்டில இரிக்கும் மாமா. ஒத்த ஃபைல் 4 ஜிபிக்கு மேல எடுக்காது. எக்ஸ்ஃபாட்டுக்கு போர்மட் பண்ணினாச் சரி, ஆனா உள்ளுக்க இரிக்கிறதெல்லாம் அழிஞ்சிரும்.

சின்ன மாமா: அதுக்க அம்மாட படமெல்லாம் கிடக்கு. தொடவேணாம்.

பிரியா: அப்ப கூகுள் ட்ரைவில ஏத்துங்க 😀

சின்ன மாமா: டேட்டா காட் நீ போடுறியா?

சின்ன மாமா: தர்சன், லப்டொப்பக் கொண்டு வா. அட் ஹொக் போடுவம், ரெண்டு லப்டொப்பையும் வைஃபையால நேர கொளுவுறது. முந்தி எக்ஸ்பி காலத்தில ரவுட்டரே இல்லாம ரெண்டு கொம்பியூட்டர அப்பிடித்தான் கொளுவின நாங்க.

தர்சன்: உங்கட விண்டோஸ் 7ல அது வரும். என்ட 10. அந்த மெனுவ 8லயே எடுத்திட்டானுகள். 10ல மொபைல் ஹொட்ஸ்பொட் இரிக்கு, ஆனா நெட் கனெக்ஷன் இல்லாட்டி ஒன் ஆகாது. ஃபோனில ஹொட்ஸ்பொட்டப் போடுங்க, ரெண்டு லப்டொப்பும் அதில சேரட்டும்.

பெரியம்மா: ஹொட்ஸ்பொட் எண்டா டேட்டா முடிஞ்சிருமே மகன்

தர்சன்: மொபைல் டேட்டாவ ஓஃப் பண்ணிட்டுப் போடுற பெரியம்மா. ஃபைல் ஃபோனுக்கால மட்டும்தான் போகும், டவருக்குப் போகாது.

சின்ன மாமா: ஃபோல்டர ஷெயார் பண்ணிட்டன். மறுகா?

தர்சன்: உங்கட லொகினுக்கு பாஸ்வேர்ட் இரிக்கா? வெறுமையா இருந்தா நெட்வர்க்கால உள்ளுக்கு விடாது. ஒண்டு போடுங்க. நெட்வர்க்க ‘ஹோம்’ எண்டு வைங்க. ஃபயர்வோல ஓஃப் பண்ணவேணாம்! ஐபி, அதான் நெட்வர்க் நம்பர், என்ன காட்டுது?

சின்ன மாமா: 169.254 எண்டு தொடங்குது

தர்சன்: அப்பிடி வந்தா ஃபோன் ஐபி குடுக்கல்ல எண்டு அர்த்தம். கழட்டித் திருப்பிக் கொளுவுங்க.

சின்ன மாமா: இப்ப 192.168.43 எண்டு வருது. பாஸ்வேர்ட் வந்து

தர்சன்: இஞ்ச போடாதீங்க மாமா!! வந்து பாக்கிறன்.

பிரியா: 😂😂

தர்சன்: கொப்பியாகுது. செக்கனுக்கு 2 எம்பிதான். ரெண்டு மணித்தியாலம் எண்டு காட்டுது.

சின்ன மாமா: என்னகா இது! இவ்வளவு ஆறுதலா?

தர்சன்: ஒவ்வொரு துண்டும் ஃபோனுக்குப் போய் அங்கயிருந்து எனக்கு வரணும், ஒரே வைஃபை சனலில. உங்கட வைஃபையும் பழசு.

சின்ன மாமா: அப்ப என்ட அட் ஹொக் நேரடி. அதுதான் வேகம்.

தர்சன்: நேரடி எண்டது சரிதான், ஆனா என்ட மெசின் அதில சேராதே 😅

பிரியா: எங்கட வீட்ட லேன் வயர் சும்மா கிடக்கு. ரெண்டு லப்டொப்பையும் நேர கொளுவினா அரை மணித்தியாலமும் எடுக்காது.

தர்சன்: இத முதலே சொல்லக்கூடாதா மச்சாள்!

பிரியா: ஆரும் கேக்கல்லயே. பாலத்தால வாறன், பத்து நிமிசம்.

சின்ன மாமா: கொப்பிய நிப்பாட்டவா?

தர்சன்: ஓம். ஹொட்ஸ்பொட்டயும் ஓஃப் பண்ணுங்க, ஃபோன் சுடுது.