பிங் போகிறது, ஓஎஸ்பிஎஃப் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிற்கிறது

இரவுப்பணி:
இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஒரு ஜிஆர்ஈ டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் பாதை); இரு முனையிலும் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் ரூட்டுகளைப் பகிரும் முறை), ஏரியா 0. ஒரு முனையில் அண்டை ரவுட்டரின் நிலை எக்ஸ்ஸ்டார்ட் என்கிறது, மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச் என்கிறது; இரண்டுமே இணைப்பு முழுமையாகாத இடைநிலைகள். இரண்டு நிமிடம்போல அப்படியே கிடந்துவிட்டு டவுன் ஆகிறது. மறுபடி முதலிலிருந்து அதே கூத்து. பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. ஹலோ (அறிமுக பாக்கெட்டின் இடைவெளி) 10 விநாடி, டெட் (ஹலோ வராவிட்டால் அண்டை போய்விட்டதாகக் கொள்ளும் நேரம்) 40 விநாடி, சப்நெட் மாஸ்க் எல்லாம் மூன்று முறை பார்த்துவிட்டேன். வைல்டுகார்டு மாஸ்க்கை (சப்நெட் மாஸ்க்கின் மறுதலை) தலைகீழாக எழுதிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. இம்முறை அதுவும் சரியாகவே இருக்கிறது. வேறு எங்கே தேடுவது?

கம்பிச்சுருள்:
இரண்டிலும் ரவுட்டர் ஐடி ஒன்றாக இருக்கிறதா? ஒன்றின் கான்ஃபிகரேஷனை அப்படியே மற்றொன்றில் ஒட்டினால் இப்படி ஆகும்.

இரவுப்பணி:
இல்லை, வேறுவேறுதான்.

வழித்தடம்:
அப்படியானால் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள். ஹலோ பாக்கெட் சின்னது, அதில் எம்டியு பற்றிய பேச்சே கிடையாது. அதனால் அறிமுகம் ஒழுங்காக நடந்துவிடும். அடுத்து வரும் டிபிடி (டேட்டாபேஸ் சுருக்கம்) பாக்கெட்டில்தான் ஒவ்வொரு ரவுட்டரும் தன் இன்டர்ஃபேஸின் எம்டியுவைச் சொல்கிறது. அந்த எண் தன்னால் வாங்க முடிந்ததைவிடப் பெரிதாக இருந்தால், பெற்றவர் பாக்கெட்டை ஏற்பதில்லை; மறுப்பும் சொல்வதில்லை. அனுப்பியவர் பாவம், திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். உங்கள் பிங் 100 பைட் என்றால் அது எதையும் நிரூபிக்காது. இரு முனையிலும் ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்’ கொடுத்து டனலின் எம்டியு வரியை ஒப்பிடுங்கள்.

கம்பிச்சுருள்:
எதற்கு இவ்வளவு? ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்’ என்று ஒரே வரி. நான் எப்போதும் அதைத்தான் போடுகிறேன்.

வழித்தடம்:
அந்த வரியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எம்டியு சோதனை நிற்குமே தவிர, பாதை அகலமாகாது. ரூட்டுகள் பத்து இருபது இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. டேட்டாபேஸ் வளர்ந்து பெரிய எல்எஸ்யு (ரூட் விவரங்களைச் சுமக்கும்) பாக்கெட் கிளம்பும் நாளில் அது வழியிலேயே தொலையும்; அண்டை ரவுட்டர் லோடிங்கில் (விவரங்களுக்குக் காத்திருக்கும் நிலை) நிற்கும். அப்போது இந்த வரியைப் போட்டது யாருக்கும் நினைவிருக்காது.

இரவுப்பணி:
பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் 1476, மறுபக்கம் 1400. 1476 என்பது 1500-இல் ஜிஆர்ஈக்கான 24 பைட் போக மிச்சம், அது தானாக வந்தது. 1400-ஐ யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். மாற்றப் பதிவேட்டைப் புரட்டினேன்: ஐபிசெக் (குறியாக்கம்) சேர்த்த அன்று போட்டது நானேதான், மறுமுனையில் போட மறந்திருக்கிறேன். அங்கும் 1400 கொடுத்ததும் சில விநாடிகளில் ஃபுல் (இணைப்பு முழுமையான நிலை) வந்துவிட்டது.

வழித்தடம்:
நல்லது. கையோடு டனலில் டிசிபி எம்எஸ்எஸ்ஸையும் (ஒரு பாக்கெட்டில் டிசிபி அனுப்பும் டேட்டாவின் உச்ச அளவு) 1360 ஆக்கிவிடுங்கள், இரு முனையிலும்.